தோவாளைச் சில்லறையில் கிடைத்த பிழைக் காசுகள்: சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

தோவாளைப் பூ எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குத் தோவாளைச் சந்தையில் பூக்கடை. விடியற்காலை வியாபாரம் முடிந்ததும் சில்லறையை எண்ணி அடுக்குவது என் வேலை. அப்படி எண்ணும்போது வித்தியாசமாகப் பட்ட நான்கு காசுகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, பழைய கனமான 5 ரூபாய். சிங்க முகம் நேராக இருக்கும்படி பிடித்துத் திருப்பினால் பின்பக்கத்து 5 தலைகீழாக வருகிறது. இரண்டாவது ஒரு 2 ரூபாய், எண்ணின் குறுக்கே மெல்லிய கோடு ஓடுகிறது. மூன்றாவது 2000ஆம் ஆண்டு 1 ரூபாய். ஓரத்தில் யாரோ கடித்தது மாதிரி பிறை வடிவத்தில் கொஞ்சம் காணவில்லை. நான்காவது நடுவட்டம் கழன்று போன 10 ரூபாய், வெறும் வளையம்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவை லட்சக்கணக்கில் விலை போகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு விற்பதை விட, இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. காசு சேகரிக்கவும் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பத்துரூபா கண்டக்டர் எழுதியது:
நல்ல காரியம் தங்கச்சி. முதலில் அந்த வீடியோக்களை மூடிவிடு. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் பத்து லட்சம் தருகிறேன் என்று ஒருவன் சொல்வான். கடைசியில் "பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்பான். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது: எங்கள் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்க விற்கக் கமிஷனோ வரியோ கேட்டால் நம்பாதீர்கள் என்று. எங்கள் டெப்போவிலேயே ஒருவர் பணத்தை விட்டிருக்கிறார்.

நான் நாகர்கோவில் – மார்த்தாண்டம் ரூட்டில் ஓடுகிறேன். பையில் விழும் சில்லறையை வீட்டுக்குப் போய் என் காசைப் போட்டு மாற்றிக்கொள்வேன். என்னிடம் இருப்பதெல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். உன் நான்கு காசைப் பற்றியும் சங்கு அண்ணாச்சி வந்து சொல்வார்.

நாஞ்சில் சங்கு எழுதியது:
மக்களே, நீ கேட்ட கேள்வியே சரியான கேள்வி. "இது எப்படி நடந்தது" என்பதுதான் பிழைக் காசு படிப்பின் மொத்தமும். விலை அதற்கு அப்புறம் வருவது.

காசு எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார். உலோகத்தை நீளத் தகடாக உருட்டி, அதிலிருந்து வட்டங்களை வெட்டி எடுக்கிறார்கள். இந்த வெறும் வட்டத்துக்கு பிளாங்க் என்று பெயர். அதைச் சூடேற்றி மென்மையாக்கி, விளிம்பைக் கொஞ்சம் எழுப்பி, அச்சு இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, சுற்றிலும் காலர் என்ற இரும்பு வளையம். ஒரே அடியில் இரண்டு முகமும் விளிம்பும் பதிந்துவிடும். ஆகவே பிழை நடக்க மூன்றே இடம்தான்: பிளாங்கில், அச்சில், அடிக்கும்போது. காசு நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்த எதுவும் பிழை இல்லை, சேதம். எந்தக் காசைக் கையில் எடுத்தாலும், இது நாணயச்சாலையில் நடந்ததா, தெருவில் நடந்ததா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

உன் 5 ரூபாய்க்கு வருவோம். நம் நாட்டுக் காசுகளில் இரண்டு முகமும் ஒரே பக்கம் மேலாக நிற்க வேண்டும். சிங்க முகத்தை நேராகப் பிடித்து, இடமிருந்து வலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நேராக வரும். அப்படித் திருப்பியும் 5 தலைகீழாக வந்தால், ஒரு அச்சு தன் இடத்தில் அரைச் சுற்று சுழன்று நின்றிருக்கிறது. டை ரொட்டேஷன் என்போம். லேசாகச் சாய்ந்தவை நிறையக் கிடைக்கும், யாரும் பெரிதாக மதிப்பதில்லை. முழுக்கத் தலைகீழ் என்றால் வைத்துக்கொள். ஆனால் ஒன்று கவனி: மேலிருந்து கீழாகத் திருப்பினால் சரியான காசும் தலைகீழாகத்தான் தெரியும். எந்தப் பக்கமாகத் திருப்பினாய் என்று இன்னொரு முறை பார்த்துச் சொல்.

2 ரூபாய்க் கோட்டுக்கு லென்ஸ் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து விட்டுப் பார். கோடு மேடாக எழும்பி நின்றால் அச்சில் விரிசல் விழுந்து, அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து பதிந்திருக்கிறது. அது உண்மையான டை கிராக். கோடு பள்ளமாக இருந்தால் யாரோ எதையோ வைத்துக் கீறியது, அவ்வளவுதான். விரிசல் முற்றி அச்சின் ஓரமே உடைந்து விழுந்தால், அந்த இடத்தில் காசில் உருவம் ஒன்றும் இல்லாத ஒரு கட்டி மேடு வரும். அதைக் கட் (cud) என்பார்கள். அது கிடைத்தால் கொண்டாடலாம்.

10 ரூபாய் வளையம் சேதம். வளையமும் நடுவட்டமும் தனித்தனியாக வந்து, அடிக்கும்போதுதான் ஒன்றாக இறுகுகின்றன. நடுவட்டம் இல்லாமலே அடி விழுந்திருந்தால் துளையின் உள்விளிம்பு பிதுங்கி, வட்டம் கோணியிருக்கும். உன் வளையத்தில் துளை நறுக்கென்று நேராக இருக்கிறதா? அப்படியென்றால் அடித்துக் கழற்றியதுதான்.

கடித்த 1 ரூபாயைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்கு எடை பார்க்க வேண்டும்.

குளச்சல் அலை எழுதியது:
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில். அம்மாவின் பெட்டியில் இருந்த செம்புக் காசுகளில் வெளிர்பச்சையாகத் தூள் மாதிரி பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்கிறார் அம்மா. தேய்க்கலாமா?

மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது:
தேய்க்கவே தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரப் பொடி எதுவும் கூடாது. மேல்பரப்பில் காலம் விட்டுப்போன நிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். ஒரு தடவை உரித்துவிட்டால் அது திரும்பாது. பளபளக்கும் பழைய செம்புக் காசை அனுபவம் உள்ளவர் கையில் வாங்கியதுமே கீழே வைத்துவிடுவார்.

நீங்கள் சொல்லும் அந்த வெளிர்பச்சைத் தூள் வேறு விஷயம். கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கிறது. அந்தக் காசுகளை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். காய்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத் தனியே வையுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு, பொட்டலம் சீக்கிரமே ஈரத்தைக் குடித்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆடி மாதம் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்போம்.

மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வாங்காதீர்கள். பி.வி.சி. உறை நாளாக நாளாக ஒருவிதப் பிசுபிசுப்பைக் கக்கி, காசில் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் மைலார் என்ற ஒளி ஊடுருவும் தாளில் சன்னல் வைத்த சதுர அட்டைகள் கிடைக்கின்றன, காசை நடுவில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துக்கொள்ளலாம். அட்டையிலேயே ஆண்டு, எடை, எங்கே கிடைத்தது எல்லாம் எழுதலாம். காசைத் தொடும்போது முகத்தில் விரல் படக் கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். பூக்கடைப் பிள்ளைக்குக் கை ஈரமாகவே இருக்குமே, துடைத்துவிட்டுத் தொடு மக்களே.

இன்னொன்று. பள்ளிப் பிள்ளைகளை நான் நாணயச்சாலைக் குறியில் இருந்துதான் தொடங்க வைக்கிறேன். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் போலச் சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. நொய்டா நாணயச்சாலை 1988இல்தான் வந்தது, அதனால் அதற்கு முந்தைய ஆண்டுக் காசில் நொய்டாப் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, நான்கு நாணயச்சாலை என்று ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். செலவே இல்லை. சரியான காசைக் கூர்ந்து பார்க்கப் பழகிய கண்ணுக்குத்தான் பிழை தானாகத் தட்டுப்படும்.

கோட்டாறு கணக்கர் எழுதியது:
எல்லாரும் உற்சாகமாக இருக்கிறீர்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பிழைக் காசுக்கு நிலையான விலை கிடையாது. ஒருவர் ஆயிரம் சொல்வார், இன்னொருவர் ஐம்பதுக்கும் வாங்க மாட்டார். புதிதாகத் தொடங்குபவர்கள் நினைவு நாணயங்களில் இறங்குவது நல்லது. நம் ஊருக்கே பொருத்தமானவை இருக்கின்றன. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் 5 ரூபாய், காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், 2013இல் விவேகானந்தரின் 150ஆம் ஆண்டுக்கு வந்த 5 ரூபாய். அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. வள்ளுவரும் விவேகானந்தரும் அடுத்தடுத்த பாறையில் நிற்கும் ஊர்க்காரர்கள் நாம். இந்தக் காசுகள் ஒரு குமரி மாவட்டத்துக்காரர் பெட்டியில் இல்லாமல் இருக்கலாமா?

நாஞ்சில் சங்கு எழுதியது:
கணக்கர் சார் சொல்வதில் விலை பற்றிய பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பிழைக் காசை முதலீடாக நினைத்து வாங்கக் கூடாது. ஆனால் இந்தப் பிள்ளை வாங்கவில்லை, சில்லறையில் கண்டெடுக்கிறாள். கைக்காசு போகாது. அதோடு, நினைவு நாணயத்தை எவ்வளவு பார்த்தாலும் அது யாருக்காக வந்தது என்று தெரியும். பிழைக் காசு அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று காட்டுகிறது. நடுவில் சரியாக உட்காராத பிளாங்கில் அடி விழுந்தால் ஆஃப் சென்டர்: ஒரு பக்கம் உருவம் வெட்டுப்பட்டு, எதிர்ப்பக்கம் வெறும் உலோகம். காலர் மேலே எழும்பாமல் அடித்தால் உலோகம் பக்கவாட்டில் பரந்து, காசு வழக்கத்தை விட அகலமாக, தட்டையாக வரும். கொழுக்கட்டை அச்சில் முந்தைய மாவு ஒட்டிக்கொண்டால் அடுத்த கொழுக்கட்டையில் பூ சரியாக விழாதே, அது மாதிரி அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது அடுத்த பிளாங்கின் ஒரு முகத்தில் சரியான உருவமும், மறு முகத்தில் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி, குழிந்தும் பதியும். இது பிராக்கேஜ். ஏலப் பட்டியல்களில் லாக்கி என்றும் போடுவார்கள். ஆஃப் சென்டரில் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் தெரிந்தால் மதிப்பு கூடும், ஏனென்றால் எங்கே, எப்போது அடித்தது என்று சொல்ல முடிகிறது.

தோவாளைப் பூ எழுதியது:
5 ரூபாயை இடமிருந்து வலமாகத் திருப்பிப் பார்த்தேன் அண்ணாச்சி. அப்பவும் தலைகீழ்தான்! கடையில் இருந்த வேறு 5 ரூபாய்களையும் அதே மாதிரி திருப்பினேன், எல்லாம் நேராக வருகின்றன. 2 ரூபாய்க் கோடு பள்ளம், நகத்தில் தட்டுப்படுகிறது. அதைத் திரும்பக் கல்லாவில் போட்டுவிட்டேன். 10 ரூபாயின் துளை நேராகத்தான் இருக்கிறது. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லுங்கள்.

நாஞ்சில் சங்கு எழுதியது:
அந்த 5 ரூபாயைப் பத்திரமாக வை.

போலிகள் பெரும்பாலும் உண்மைக் காசை வெளியே வைத்துக் கெடுத்தவைதான். இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்றாக வைஸ் என்ற பட்டறைப் பிடியில் வைத்து இறுக்கி பிராக்கேஜ் என்று விற்பார்கள். அதில் திரும்பிய குழிவுருவத்துக்கு அடியிலேயே அந்த முகத்தின் சொந்த உருவம் நசுங்கித் தெரியும். உண்மையான பிராக்கேஜில் அந்த முகத்துக்கு வேறு உருவமே கிடையாது. எழுத்தை உரசி எடுத்துவிட்டு, அச்சில் அழுக்கு அடைத்ததால் எழுத்து விழவில்லை என்று சொல்வதும் உண்டு. லென்ஸில் பார்த்தால் உரசிய இடத்தில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும்.

சரி, கடித்த 1 ரூபாய். தகட்டில் ஏற்கெனவே வட்டம் வெட்டிய இடத்தின் மேல் வெட்டுக் கருவி மறுபடி இறங்கினால், பிளாங்கில் பிறை போல ஒரு துண்டு குறையும். கிளிப் என்போம். இதில் முக்கியமான அடையாளம் கடித்த இடத்தில் மட்டும் இல்லை, அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பிலும் இருக்கிறது. விளிம்பு எழுப்பும்போது கடிபட்ட பக்கத்தில் பிடிமானம் இல்லாததால், எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாது. அங்கே ஓரம் மழுங்கி, தேய்ந்தது போலத் தெரியும். அரத்தால் வெட்டிய போலிக் காசில் எதிர் விளிம்பு முழுசாக நிற்கும். கடிபட்ட இடத்துக்குப் பக்கத்து எழுத்துகளையும் பார். உண்மையானதில் அவை ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் இழுபட்டு மங்கும். வெட்டியதில் நறுக்கென்று அறுபட்டு நிற்கும்.

எடை பார்க்க, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கு. காசு வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான். உன் 1 ரூபாய் 4.85 கிராம் இருக்க வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் இழுக்கும். பழைய கனமான 5 ரூபாய் 9 கிராம், செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்துக்கு அசையாது. 2011இல் வந்த வடிவத்து 10 ரூபாய் 7.71 கிராம். வேறு மதிப்புக்கான பிளாங்கில் அடித்துவிட்ட காசை எடையும் காந்தமும்தான் காட்டிக்கொடுக்கும்.

பத்துரூபா கண்டக்டர் எழுதியது:
10 ரூபாய் என்றதும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கம் இன்னமும் அதை வாங்க யோசிக்கிறார்கள். பத்துக் கதிர் போட்டது நல்லது, பதினைந்து கதிர் போட்டது போலி என்று யாரோ கிளப்பிவிட்டது. ரூபாய்க் குறியீடு வருவதற்கு முன்னால் அடித்ததில் பதினைந்து கதிர், வந்த பிறகு அடித்ததில் பத்து. இரண்டும் நல்ல காசு. 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி, 14 வடிவங்களில் 10 ரூபாய் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. வேற்று வடிவத்தைப் பிழை என்று நினைப்பவர்களும் இதைப் படிக்கட்டும். அந்த 14ஐயும் சேர்ப்பதே ஒரு நல்ல தொடக்கம், யாரும் வாங்க மாட்டேன் என்கிற காசு நம் கையில் தங்குகிறது.

தக்கலைக்காரன் எழுதியது:
என்னிடம் ஒரு வெள்ளிக் காசு இருக்கிறது. சங்கு போட்டது. ஆண்டு 1112 என்று இருக்கிறது. தாத்தா தந்தது. தொள்ளாயிரம் வருடப் பழசா, இல்லை ஆண்டு தப்பாக அடித்த பிழைக் காசா?

நாஞ்சில் சங்கு எழுதியது:
இரண்டும் இல்லை தம்பி, ஆனால் நம் ஊர்ப் பொக்கிஷம். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு ஆண்டுக்கணக்கு. 1112 என்றால் 1936-37, சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துத் திருவிதாங்கூர்க் காசு. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் நம் தாலுகாக்கள் அந்தப் பக்கம்தானே. அங்கே தனிக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் 28 சக்கரமும் 8 காசும்.

பழைய வெள்ளிச் சக்கரத்தைப் பார்த்திருக்கிறாயா? அரை கிராம் கூட இருக்காது, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. அதை எண்ணவே சக்கரப் பலகை என்று ஒன்று உண்டு. மரப்பலகை முழுக்க வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு கை சக்கரத்தை மேலே கொட்டிப் பலகையை ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மீதியை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒன்று இருக்கிறது. குழிகளின் ஓரம் கைபட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையால் அடித்த பழங்காசுகளில் அச்சு பெரிதாகவும் உலோகத் துண்டு சிறிதாகவும் இருக்கும். உருவத்தில் ஒரு பகுதிதான் விழும். ராஜராஜன் செம்புக் காசிலும் இப்படிப் பார்க்கலாம். இதை ஆஃப் சென்டர் பிழை என்று விலை ஏற்றி விற்பார்கள், நம்பாதே. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பிழை என்ற பேச்சு, ஒவ்வொரு காசும் ஒரே மாதிரி வரும் இயந்திரக் காலத்துக்குத்தான் பொருந்தும்.

குளச்சல் அலை எழுதியது:
கன்னியாகுமரி கடற்கரைக் கடை ஒன்றில் சங்கு, பாசி மாலைக்கு நடுவில் 1818 என்று போட்ட காசு பார்த்தேன். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி. பெரிய விலை சொன்னார்.

மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது:
அப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்த வில்லை அது. அனுமார் போட்டதும் அதே கதைதான். பூஜை அறையில் வைக்க ஆசைப்பட்டால் வில்லையின் விலைக்கு வாங்குங்கள்.

தக்கலைக்காரன் எழுதியது:
தோட்டத்தில் குழி எடுக்கும்போது பழங்காசு கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

கோட்டாறு கணக்கர் எழுதியது:
கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் இருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தடை. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

தோவாளைப் பூ எழுதியது:
தராசு வந்துவிட்டது. கடித்த 1 ரூபாய் 4.58 கிராம் காட்டுகிறது. அதே ஆண்டு, அதே நட்சத்திரக் குறி உள்ள நல்ல காசையும் பக்கத்தில் வைத்து எடை போட்டேன், 4.85. கடித்த இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கித்தான் இருக்கிறது. மற்ற இடத்தில் எல்லாம் ஓரம் நன்றாக எழும்பி நிற்கிறது, அங்கே மட்டும் விரலுக்கு வழுக்குகிறது. கடித்த இடத்துப் பக்கத்து எழுத்தும் ஓரத்தை நோக்கி மங்குகிறது. காந்தம் இழுக்கிறது.

நாஞ்சில் சங்கு எழுதியது:
எடை, எதிர் விளிம்பு, எழுத்து மூன்றும் ஒத்துப்போகின்றன. ஹைதராபாத் நாணயச்சாலையில் பிறந்த உண்மையான கிளிப். அட்டையில் 2000, நட்சத்திரம், 4.58 கிராம், தோவாளைச் சந்தை என்று எழுதிப் போடு. பக்கத்திலேயே அந்த 4.85 நல்ல காசையும் வை, பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

பத்துரூபா கண்டக்டர் எழுதியது:
தங்கச்சி, நாளைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் வருவாயா? பை நிறைய 1 ரூபாயும் 2 ரூபாயும் சேர்ந்திருக்கிறது. உன் தராசைக் கொண்டு வா.

தோவாளைப் பூ எழுதியது:
வருகிறேன் அண்ணா. அப்பாவும் வருகிறார், வடசேரிச் சந்தையில் கொஞ்சம் வேலை இருக்கிறதாம். லென்ஸையும் எடுத்து வருகிறேன்.